வியாழக்கிழமை விரதம்

சின்ன வயதில் கிழமைகளை நான் நாக்கால்தான் தெரிந்துவைத்திருந்தேன். திங்கட்கிழமை என்றால் புளிக்குப் பஞ்சமில்லாத குழம்பு. செவ்வாய்க்கிழமை கீரை. புதன்கிழமை மோர் என்ற பெயரில் கொஞ்சம் வெள்ளைத் தண்ணீர். வியாழக்கிழமை தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும். வெள்ளிக்கிழமை போதும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டும்வரை எல்லாமும்.

தென்காசியில் நான் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்களே தவிர சோறு போடுகிற வழக்கமெல்லாம் கிடையாது. ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடுவார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். இரண்டிலும் சேராத என்னைப் போன்றவர்களுக்கு வாரச் சாப்பாடு. கிழமைக்கு ஒரு வீடு என்று பங்கு போட்டுக்கொண்டு, வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பையனுக்கு ஒருவேளைச் சோறு போடுவார்கள். பையன் கிழமை தவறாமல் போய் உட்கார வேண்டும். போட்டதைச் சாப்பிட வேண்டும். குறை சொல்லக் கூடாது. உலகத்தில் இதைவிடச் சுலபமான வேலை இருக்க முடியாது என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் கடையத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த ஏற்பாட்டைச் செய்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. சமையல்காரர். சாரல் காலத்தில் குற்றாலத்துப் பங்களாக்களிலும் மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளிலும் அவருக்கு வேலை. ராத்திரி எங்கள் அறைக்கு அவர் கொண்டுவருகிற மிச்ச சொச்சத்தில் என் வயிறு அடங்கிவிடும். பகல்பொழுதுக்குத்தான் வீடு வீடாக ஏறி இறங்கி என்னை விற்றார். விற்கும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு விதமாகப் புளுகிவிட்டார். திங்கட்கிழமை வீட்டில் எனக்குப் பக்திப் பாட்டெல்லாம் அத்துபடி என்று சொல்லியிருந்தார். அதனால் அங்கே பாடிவிட்டுத்தான் கைகழுவ முடியும். செவ்வாய்க்கிழமை வீட்டில், பையன் இருக்கிற இடமே தெரியாது, வாயே திறக்கமாட்டான் என்று சொல்லியிருந்தார். அங்கே நான் உப்பு வேண்டுமென்றால்கூட ஜாடை காட்டினேன்.

"எல்லா வீட்டுலயும் ஒழுங்கா இருந்துக்கோ. ஒரு வீட்டுல வேண்டாம்னு சொல்லிட்டாவன்னு வையி, மத்த வீட்டுல ஏன் எதுக்குன்னு கேப்பாவ. அப்புறம் ரயிலேத்தி ஊருக்கு அனுப்பிருவேன். எருமைக்குப் பின்னால போக வேண்டியதுதான்" என்று மாமா சொல்லிவைத்திருந்தார்.

ஆக என் படிப்பு முழுவதும் ஐந்து வீட்டு அடுப்புகளை நம்பி இருந்தது. எருமைகளோடு எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சுவரில் தொங்கிய உலகப் படத்தை எருமை காட்டாது. ஆகவே எந்த வீட்டிலும் முகம் சுளிக்க வைக்காமல் இருப்பதில் கண்ணும் கருத்துமாக இருந்தேன்.

வியாழக்கிழமை வீடு கோயிலுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சிறுவயதில் அவரும் வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தவராம். அதனால் கையில் காசு பார்த்ததும், நம் வீட்டிலும் ஒரு பையனுக்கு இலை போட வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார். வீட்டில் இருந்தது அவருடைய அப்பாவும் மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும். மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். பெரியவர் தாத்தா. சின்னப் பெண்ணை எல்லோரும் பாப்பா என்றார்கள். முன்பல் விழுந்திருந்தது, பேசினால் காற்றுத்தான் அதிகம் வரும்.

முதலில் எல்லாம் அங்கே தாத்தாவுக்கும் எனக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. தாத்தா ஒவ்வொரு வாரமும் சொதியில் உப்பு குறைவு என்பார். மதினி கதவுக்குப் பின்னாலிருந்து, "போன வாரம் கூடப் போச்சுன்னு சொன்னீங்களே மாமா" என்பாள். பாப்பா என் இலையிலிருந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டு ஓடுவாள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு யுத்தம் பர்மாவுக்கு வந்தது. பர்மா அரிசி வராமல் நின்றது. ரங்கூனிலிருந்து அந்த வீட்டுக்குக் கடிதம் வருவதும் நின்றது. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், வியாழக்கிழமையில் சொதி போய்ப் பருப்புத் தண்ணீர் வந்தது, பருப்புத் தண்ணீர் போய் வெறும் ரசம் வந்தது என்பதுதான். அப்பளம் மட்டும் தப்பிப் பிழைத்தது.

ஒரு வியாழக்கிழமை போய் உட்கார்ந்தபோது ஒற்றை இலைதான் போட்டிருந்தது.

"தாத்தா சாப்பிடலியா?" என்றேன்.

"எங்களுக்கு இன்னிக்கு விரதம். நீ சாப்பிடு" என்றாள் மதினி.

அடுத்த வாரமும் விரதம். அதற்கடுத்த வாரமும். எனக்கு இந்த விரதம் பெரிய புதிராகிவிட்டது. செவ்வாய் என்றால் முருகனுக்கு. வெள்ளி அம்மனுக்கு. சனிக்கிழமையைப் பெருமாளும் சனீஸ்வரனும் பங்கு போட்டிருந்தார்கள். வியாழக்கிழமை எந்தச் சாமிக்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். குரு பகவானுக்கு என்றான் ஒருத்தன். அவருக்குக் கடலை மாலை போடுவார்கள், குழந்தையைப் பட்டினி போட மாட்டார்கள் என்று அவனை மறுத்துப் பேசினேன். ஏனென்றால் இந்த வீட்டில் பாப்பாவும் விரதம் இருந்தாள்.

"எனக்கும் விரதம்" என்று அவளே பெருமையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் உருட்டுகிற ஒவ்வொரு கவளத்தையும் இலையிலிருந்து வாய்வரை கண்ணால் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். எனக்குச் சாஸ்திரம் தெரியும் என்ற நினைப்பு.

"விரதம் இருக்கவங்க இலையைப் பாக்கப்படாது" என்றேன்.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "அப்பளச் சத்தம் கேக்கலாமா?" என்றாள்.

நான் யோசித்துப் பார்த்தேன். காதுக்கு விரதம் கிடையாது என்று எனக்குத் தோன்றியது. "கேக்கலாம்" என்றேன். அவளுக்குக் கேட்கட்டும் என்று நன்றாகச் சத்தம் வருகிற மாதிரியே கடித்தேன். உள்ளேயிருந்து மதினி, "ஏட்டி, இங்கன வா" என்று கூப்பிட்டுக்கொண்டாள்.

கடைசியில் தாத்தாவிடமே கேட்டுவிட்டேன். அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். விரதம் தொடங்கியதிலிருந்து அவர் அதிகம் எழுந்திருப்பதில்லை.

"அது மேக்கு மலைச் சாமிலே. பேரு சொல்லப்படாது. சொன்னா பலிக்காது" என்றார்.

"கேட்டதைக் குடுக்குமா தாத்தா?"

"குடுக்கும், குடுக்கும். ஆனா மலையில இருந்து நடந்துலா வரணும். மெதுவாத்தான் வரும்."

மேற்கே பார்த்தால் மலை முழுக்க மேகம் கவிந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து பேர் இல்லாத ஒரு சாமி இறங்கி வருகிறது என்பதை என்னால் சுலபமாக நம்ப முடிந்தது. அந்த வருஷம் எனக்குக் கணக்குப் பாடம் காலை வாரிக்கொண்டிருந்தது. வீடு தோறும் ஒழுங்காக இருந்தும் பரீட்சையில் கோட்டை விட்டால் என்ன பிரயோஜனம்? இந்தச் சாமியைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். மறு வியாழக்கிழமை இலைக்கு முன்னால் உட்காராமல் நின்றுகொண்டே, "மதினி, எனக்கும் இன்னிக்கு விரதம்" என்றேன்.

மதினி முகம் வெளுத்துவிட்டது. "யாருலே உன்னை விரதம் இருக்கச் சொன்னா? இலை போட்டாச்சு, உக்காரு."

"கணக்குப் பரீட்சைக்கு மதினி."

"நீ சாப்பிடாமப் போனா உங்க மாமாவுக்கு என்ன பதில் சொல்லுவேன்? தெருவுல நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாவ? அந்த வீட்டுல பையனுக்குச் சோறு இல்லைன்னுதான் சொல்லுவாவ" என்றாள். அவள் ஏன் இத்தனை பதறுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தாத்தா கட்டிலிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"அந்தச் சாமிக்கு விருந்தாளி விரதம் இருக்கப்படாதுலே. விருந்தாளி வயிறார உண்டாத்தான் வீட்டுக்காரன் விரதம் பலிக்கும். நீ உக்காரு."

உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. சாமிக்கு ஒத்தாசை செய்கிற உற்சாகத்தில் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். உள்ளே அகப்பை சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மதினி வந்து போட்டாள்.

வெள்ளிக்கிழமை வீட்டு அம்மாளை நான் பெரியம்மை என்பேன். வயலும் வைக்கோல் படப்புமாக வசதியான வீடு. பெரியம்மைக்கு வாய் அதிகம். அவள் கோயிலுக்குப் போய் வந்தால் சாமியைத் தவிர மற்ற எல்லோரைப் பற்றியும் செய்தி இருக்கும். விரத விஷயம் தெரிய வேண்டுமானால் இவளை விட்டால் ஆளில்லை என்று நினைத்தேன்.

"பெரியம்மை, வியாழக்கிழமை விரதம் எந்தச் சாமிக்கு?"

"அப்படி ஒரு விரதம் உண்டுமாலே? யாரு இருக்கா?"

"வியாழக்கிழமை வீட்டுல எல்லாரும் இருக்காவ. பாப்பா கூட."

பெரியம்மை குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "சரி, உனக்கு?"

"விருந்தாளிக்கு விரதம் கிடையாதாம். எனக்கு மட்டும் சோறு போட்டாவ."

கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவள் உள்ளே போனாள். திரும்பி வர வெகு நேரம் ஆயிற்று. என் இலையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. வந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"அது பெரிய சாமிலே. எனக்கும் அந்தச் சாமிக்கு ஒரு நேர்ச்சை பாக்கி கிடக்கு. வாற வியாழக்கிழமை மணி அடிச்சதும் முதல்ல இங்கன வந்துட்டுப் போ. வேற யாருகிட்டயும் இந்த விரதத்தப் பத்திக் கேக்காத. தெரிஞ்சுதா?"

அந்த வியாழக்கிழமை நான் போனபோது ஓர் ஓலைப்பெட்டி தயாராக இருந்தது. உள்ளே அரிசி. அதற்கு மேல் ஒரு பொட்டலம் பருப்பு, வெல்லக்கட்டி, ஒரு தேங்காய். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கிழங்கும் வெற்றிலையும் கொஞ்சம் பிச்சிப்பூவும் வைத்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். என் தலையில் அவளே தூக்கி வைத்தாள்.

"வழியில யாராவது கேட்டா?"

"சாமிக்குன்னு சொல்லு."

"எந்தச் சாமிக்குன்னு கேட்டா?"

"பேரு சொல்லப்படாதுன்னு சொல்லு. போலே."

கோயில் வாசல் காற்று அன்றைக்குத் துணியையும் பூவையும் ஒருங்கே பிடுங்கப் பார்த்தது. ஒரு கையால் பெட்டியையும் ஒரு கையால் துணியையும் பிடித்துக்கொண்டு, சாமிக்குக் காணிக்கை கொண்டு போகிற பெருமையில் நிமிர்ந்து நடந்தேன். மதினி என்னைப் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

மதினி பெட்டியைத் திறந்து பார்த்தாள். "யாரு குடுத்தா?"

"பெரியம்மை. சாமிக்கு நேர்ச்சையாம்."

"நீ அங்கன என்னலே சொன்ன?"

"எந்தச் சாமிக்கு விரதம்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அவள் முகத்தில் வந்தது கோபம் என்று நினைத்தேன். கோபம் மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. "கொண்டுபோயிக் குடுத்துட்டு வா. இந்த வீட்டுல யாருகிட்டயும் எதுவும் வாங்குத வழக்கம் இல்லைன்னு சொல்லு" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திருப்பிக் கொண்டுபோனால் பெரியம்மை கோபித்துக்கொள்வாள், வெள்ளிக்கிழமை போய்விடும். இங்கேயே நின்றால் மதினி கோபித்துக்கொள்வாள், வியாழக்கிழமை போய்விடும். எப்படிப் பார்த்தாலும் கடையத்துக்கு ரயில்தான். பெட்டியைத் தூக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் அழ ஆரம்பித்தேன்.

கட்டில் கயிறு கிரீச்சிட்டது. தாத்தா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே முற்றத்துக்குப் போனார். கால் கழுவினார். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். திரும்பி வந்து பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி விளக்குக்கு முன்னால் வைத்தார். இத்தனையும் செய்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"சாமிக்குன்னு வந்ததத் திருப்பி அனுப்பப்படாதும்மா" என்றார்.

"மாமா, எந்தச் சாமி..." என்று தொடங்கிய மதினி என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நாமதான விரதம்னு சொன்னோம். சொன்ன பிறவு, வந்ததையும் ஏத்துக்கிடணும். பிள்ளை சுவரப் பாத்து உக்காந்திருக்கா. அடுப்பப் பத்த வையி."

மதினி பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோருக்கும் இலை விழுந்தது. விரத நாளில் இப்படிச் சாப்பிடலாமா என்று எனக்குச் சந்தேகம். நேர்ச்சை வந்துவிட்டால் விரதம் நிறைந்துவிட்டதாகக் கணக்கு என்று தாத்தா சொன்னார். சொதியில் உப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா தலை நிமிராமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள், இலையில் கை இருக்க, அப்படியே சரிந்து தூங்கிப்போனாள். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் நான் பிரம்படி வாங்கினேன்.

அதற்குப் பிறகு வாரா வாரம் பெட்டி சுமப்பது என் வேலையாயிற்று. பெரியம்மையும் மதினியும் கோயிலில் எதிர்ப்பட்டால் வெயிலைப் பற்றியும் பூ விலையைப் பற்றியும் பேசுவார்கள். சாமியைப் பற்றி ஒரு பேச்சு வராது. ஊர் வம்பு முழுவதையும் வீட்டு வாசலில் கொட்டி அளக்கிற பெரியம்மை இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் வாய்விடவில்லை. அவள் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவள்மேல் பிரியம் பொங்குகிறது. அந்தக் கோடையிலேயே ரங்கூன்காரர் காட்டு வழியாக நடந்து, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தார். நான் கணக்கில் தேறினேன். இரண்டையும் சாமியின் கணக்கில்தான் எழுதினேன்.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாவிடம் இந்தச் சாமியைப் பற்றிச் சொன்னேன். அம்மா எனக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். பாப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்ததிலிருந்து ஓலைப்பெட்டிவரை ஒன்று விடாமல் சொன்னேன். நம் வீட்டிலும் இந்த விரதத்தை ஆரம்பித்தால் அப்பாவுக்கு நல்ல குத்தகை நிலம் கிடைக்கும் என்றும் யோசனை சொன்னேன்.

"அந்தச் சின்னப் பிள்ளையுமா இருந்துச்சு?" என்றாள் அம்மா.

"ஆமா."

"உனக்கு மட்டும் சோறு போட்டாவளா?"

"அப்பளத்தோட."

அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போய் எரியாத விறகைத் தள்ளிவிட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "அந்தச் சாமிய எனக்குத் தெரியும்லே" என்றாள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நம்ம வீட்டுக்கும் வந்திருக்காம்மா?"

"நீ தென்காசிக்குப் போறதுக்கு முந்தி அடிக்கடி வரும்."

நான் இந்த வீட்டிலேயே இருந்தபோது, என் கண் முன்னால், அவ்வளவு பெரிய சாமி வந்து போயிருக்கிறது. அதை ஒரு தடவைகூட நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கஞ்சியைக் குடித்துக்கொண்டே வெகு நேரம் யோசித்தேன். அது வந்த நேரத்திலெல்லாம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன் என்று கடைசியில் சமாதானம் செய்துகொண்டேன்.